தேய்மானமா, குறைபாடா? சஸ்பென்ஷன் பாகங்களும் வாகனங்களைத் திரும்பப் பெறும் சட்டமும்

1. கேள்வி

ஓடிக்கொண்டிருக்கும் காரில் சக்கரத்தை அடிச்சட்டத்தோடு பிணைத்திருக்கும் ஒரு கை முறிகிறது. சக்கரம் கோணிக்கொள்கிறது. ஓட்டுநர் திருப்பும் திசைக்கும் வண்டி போகும் திசைக்கும் இருந்த தொடர்பு அறுந்துபோகிறது. அந்தக் கை ஏன் முறிந்தது என்று கேட்டால் நான்கு விடைகள் வருகின்றன. சாலை மோசம் என்பது ஒன்று. ஓட்டியவர் முரட்டுத்தனமாக ஓட்டினார் என்பது மற்றொன்று. வண்டிக்கு வயதாகிவிட்டது என்பது மூன்றாவது. வடிவமைப்பிலோ தயாரிப்பிலோ குறை இருந்தது என்பது நான்காவது. முதல் மூன்றில் எதை ஏற்றாலும் செலவும் பழியும் உரிமையாளர் தலையில் விழுகின்றன. நான்காவதை ஏற்றால்தான் நிறுவனம் அதே வகை வாகனங்கள் எல்லாவற்றையும் திரும்பப் பெற்று, காசு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும். ஆகவே காரணம் பற்றிய தொழில்நுட்பத் தகராறாகத் தெரிவதன் அடியில் பொறுப்பு யாருடையது என்ற தகராறே இருக்கிறது.

வாகனங்களைத் திரும்பப் பெறுவது பற்றிய பொதுப் புரிதல் பெரும்பாலும் காற்றுப்பை, பிரேக், தீப்பிடிக்கும் மின்கலம் போன்றவற்றைச் சுற்றி உருவானது. அங்கே குறை தெளிவானது: விரிய வேண்டிய பை விரியவில்லை, அல்லது வெடித்துச் சிதறியது. சஸ்பென்ஷன் அப்படிப்பட்டதன்று. தேய்வதற்கென்றே அமைந்த பாகங்களும் தேயவே கூடாத பாகங்களும் அதில் அருகருகே இருக்கின்றன. இந்தக் கலப்புதான் நிறுவனங்களுக்குத் தப்பும் வழியாகிறது. குண்டும் குழியுமான சாலை, உப்பு, ஈரம், அரைகுறைப் பராமரிப்பு ஆகியவை எதிர்பார்க்கக்கூடியவையாக இருக்கும்வரை அவற்றைத் தாங்குவது வடிவமைப்பின் கடமை. அவற்றைக் காரணம் காட்டி ஒரு நிறுவனம் விலகிக்கொள்ள முடியாது. இதுவே இக்கட்டுரையின் வாதம். அமெரிக்காவிலும் சீனாவிலும் நடந்த சில திரும்பப் பெறுதல்களைச் சான்றாக எடுத்துக்கொண்டு, இதை இந்தியச் சட்டத்தோடு பொருத்திப் பார்ப்பது இதன் நோக்கம்.

2. உலோகம் எப்படி முறிகிறது

சஸ்பென்ஷன் என்றதும் பலருக்கும் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும்தான் நினைவுக்கு வரும். பயணத்தின் சொகுசு அவற்றைப் பொறுத்தது. உயிர்ப் பாதுகாப்போ கண்ணில் படாத வேறு பாகங்களைப் பொறுத்தது: சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம், எல்லாப் பக்கமும் அசைய இடம்கொடுக்கும் பால் ஜாயிண்ட், சக்கரத்தின் கோணத்தைக் காக்கும் இணைப்புக் கம்பிகள், ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் டை ராட். ஷாக் அப்சார்பர் தேய்ந்தால் வண்டி குலுங்கும், ஓட்டுநருக்கு மாதக்கணக்கில் எச்சரிக்கை கிடைக்கும். ரப்பர் புஷ் தேய்ந்தால் சத்தம் வரும். இணைப்புக் கம்பியோ முறியும் நொடிவரை பெரும்பாலும் எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. இந்த வேறுபாடு அடிப்படையானது. மெல்லத் தேய்ந்து முன்கூட்டியே சொல்லிவிடும் பாகத்தை வயதின் கணக்கில் எழுதலாம். சொல்லாமல் முறிந்து சக்கரத்தைக் கைவிடும் பாகத்தையும் அதே கணக்கில் எழுதுவது நியாயமாகாது.

முறிவு பெரும்பாலும் ஒரே அடியில் நிகழ்வதில்லை. வார்ப்பில் நின்றுவிட்ட சிறு துளை, குறையாக விழுந்த பற்றவைப்பு, துரு அரித்த பள்ளம் என ஏதோ ஓர் இடத்தில் மயிரிழை விரிசல் தொடங்குகிறது. ஒவ்வொரு மேடுபள்ளமும் அதைச் சற்றே நீட்டிக்கிறது. எஞ்சிய உலோகத்தால் சுமையைத் தாங்க முடியாத நாளில், ஒரு சாதாரணத் திருப்பத்தில்கூடப் பாகம் இரண்டாகிவிடுகிறது. இப்படிச் சோர்ந்து முறிந்த உலோகத்தின் முகத்தில் விரிசல் படிப்படியாக முன்னேறிய வரிகள் தெரியும். பழைய பகுதி கறுத்தோ துருவேறியோ இருக்கும், கடைசியாக அறுந்த பகுதி மட்டும் புதிதாக இருக்கும். ஒரே மோதலில் உடைந்த உலோகத்தின் முகம் வேறு மாதிரி இருக்கும். ஆகவே, மோதியதால் முறிந்ததா, முறிந்ததால் மோதியதா என்ற கேள்விக்குப் பல நேரங்களில் உலோகமே விடை வைத்திருக்கிறது. அந்த விடையைப் படிக்க, முறிந்த துண்டை யாராவது எடுத்து வைத்திருக்க வேண்டும், ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். நசுங்கிய வண்டி பழைய இரும்புக்குப் போய்விட்டால் சான்றும் அதோடு போய்விடும். பிறகு காகிதத்தில் மிஞ்சுவது ஓட்டுநரின் தவறு என்ற ஒற்றை வரிதான்.

3. நீதிமன்றம் வகுத்த அளவுகோல்

அமெரிக்காவில் 1966இல் இயற்றப்பட்ட தேசியப் போக்குவரத்து, மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டம்தான் அந்நாட்டின் திரும்பப் பெறும் முறைக்கு அடித்தளம். பாதுகாப்பைப் பாதிக்கும் குறை இருந்தால் நிறுவனம் உரிமையாளருக்கு அறிவிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. எந்த அளவு பழுது குறையாகும் என்பதை வகுக்கும் வேலை நீதிமன்றங்களுக்கு வந்தது. அதற்கு வழிகாட்டிய இரண்டு வழக்குகளிலும் எதிர்த்தரப்பு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம். ஒன்று 1975இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த சக்கர வழக்கு. 1960களின் முற்பகுதியில் செய்யப்பட்ட சரக்கு வண்டிகளின் சக்கரங்கள் முறிந்தன. உரிமையாளர்கள் அளவுக்கு மீறிச் சுமை ஏற்றியதே காரணம் என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. நீதிமன்றம் வகுத்த அளவுகோலின் சாரம் இது: இயல்பான பயன்பாட்டில் கணிசமான எண்ணிக்கையில் பழுதாகும் பாகம் குறையுடையது. உரிமையாளர் செய்யக்கூடும் என்று நியாயமாக எதிர்பார்க்கத்தக்க தவறான பயன்பாடும் போதாத பராமரிப்பும் அந்த இயல்பான பயன்பாட்டுக்குள் அடங்கும். வயதாலும் தேய்மானத்தாலும் வரும் வழக்கமான சிதைவு மட்டும் அடங்காது.

இரண்டாவது, 1977இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்த பிட்மன் ஆர்ம் வழக்கு. 1959, 1960 மாதிரி காடிலாக் கார்களில் ஸ்டியரிங் அமைப்பின் இந்தப் பாகம் முறிந்தது. பெரும்பாலும் மெதுவாகத் திருப்பும்போதுதான் முறிகிறது, காயங்களும் குறைவு, ஆகவே இது நியாயமற்ற ஆபத்து ஆகாது என்று நிறுவனம் வாதிட்டது. நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. ஓடும் வண்டியில் ஓட்டுநர் கட்டுப்பாட்டை இழப்பதே ஆபத்து. அதை நிறுவ, அடிபட்டவர்களின் எண்ணிக்கை உயரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால் ஒரு கோட்பாடு கிடைக்கிறது. வடிவமைப்பாளர் கற்பனை செய்யும் ஒழுங்கான உலகில் ஒரு பாகம் தாங்கினால் போதாது. மனிதர்கள் உண்மையில் வண்டி ஓட்டும் உலகில் அது தாங்க வேண்டும். பாதுகாப்பை அளக்க வேண்டியது பாகம் முறிந்தால் என்ன நேரும் என்பதைக் கொண்டு. ஏற்கெனவே எத்தனை பேர் இறந்தார்கள் என்பதைக் கொண்டு அளக்கத் தொடங்கினால் சட்டம் எப்போதும் காலம் கடந்தே வரும்.

4. உப்பு, அசைவு, பழுதுபார்ப்பு: மூன்று சான்றுகள்

இந்தக் கோட்பாடு நடைமுறையில் எப்படி நிற்கிறது என்பதைச் சோதிக்க, முதலில் துருவை எடுத்துக்கொள்ளலாம். 2010இல் ஃபோர்டு நிறுவனம் 1998 முதல் 2003 வரையிலான வின்ட்ஸ்டார் வேன்களில் ஏறக்குறைய 5,75,000ஐத் திரும்பப் பெற்றது. பனியை உருக்கச் சாலையில் கொட்டும் உப்பும் நீரும் பின் அச்சை அரித்து, அது முறியும் அபாயம் இருந்தது. உப்பு அதிகம் பயன்படும் மாநிலங்களையும் கனடாவையும் குறிவைத்து அந்த அறிவிப்பு வந்தது. 2014இல் டொயோட்டா 2005 முதல் 2011 வரையிலான டகோமா சரக்கு வண்டிகளில் ஏறக்குறைய 6,90,000ஐத் திரும்பப் பெற்றது. லீஃப் ஸ்பிரிங்கின் ஒரு பட்டை சுமையாலும் துருவாலும் முறிந்து, இடம்பெயர்ந்து, எரிபொருள் தொட்டி உள்ளிட்ட பக்கத்துப் பாகங்களில் இடிக்கக்கூடும் என்பது காரணம். இரண்டிலும் வண்டிகள் பல ஆண்டுகள் ஓடியவை. துரு இயற்கை, உப்பு அரசின் வேலை, இதில் நிறுவனத்தின் தவறு என்ன என்று கேட்டிருக்கலாம். ஆனால் குளிர்நாட்டுச் சாலையில் உப்பு இருக்கும் என்பது வாகனம் வடிவமைப்போர் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. உப்புள்ள மாநிலங்களுக்கென்று தனியாக அறிவிப்பு விடுவதே, சூழலைக் கணக்கில் எடுப்பது தன் பொறுப்பு என்று நிறுவனம் ஒப்புக்கொள்வதற்குச் சமம்.

அடுத்தது அசைவு. 2019இல் ஃபோர்டு 2011 முதல் 2017 வரையிலான எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 12 லட்சத்தைத் திரும்பப் பெற்றது. பின்சக்கரத்தின் கோணத்தைக் காக்கும் டோ லிங்க் என்ற இணைப்பு, சஸ்பென்ஷன் முழு அளவுக்கு மேலும் கீழும் அடிக்கடி அசைந்தால் முறியலாம் என்பது கண்டறியப்பட்ட குறை. 2021இல் இன்னொரு காரணத்துக்காக, பக்கத்துப் பால் ஜாயிண்ட் இறுகிப்போய் அதே இணைப்பை முறிக்கக்கூடும் என்பதற்காக, உலகளவில் ஏறக்குறைய 7,75,000 எக்ஸ்ப்ளோரர்கள் மீண்டும் அழைக்கப்பட்டன. காயம்பட்டதாக வட அமெரிக்காவிலிருந்து ஆறு தகவல்கள் வந்திருந்தன. மேலும் கீழும் அசைவதுதான் சஸ்பென்ஷனின் தொழில். முழு அளவுக்கு அசைந்ததால் முறிந்தது என்றால், தன் வேலையைச் செய்ததால் முறிந்தது என்றே பொருள். கரடுமுரடான பாதையில் பயணிப்பதற்கு ஏற்றது என்று மக்கள் நம்பி வாங்கும் வண்டியில் அத்தகைய பாதையே பழுதுக்குச் சாக்காக முடியாது. 2019இல் மாற்றிக் கொடுக்கப்பட்டவை உலையில் அடித்து உருவாக்கிய புதிய இணைப்புகள். முறிந்த இணைப்பைவிட உறுதியான மாற்று சாத்தியம் என்பதை அந்தத் தீர்வே காட்டியது.

மூன்றாவது பழுதுபார்ப்பு. 2012இல் டொயோட்டா ஆர்ஏவி4, லெக்சஸ் எச்எஸ் 250எச் வண்டிகளில் ஏறக்குறைய 7,78,000ஐத் திரும்பப் பெற்றது. சக்கர அலைன்மென்ட் செய்யும்போது பின் சஸ்பென்ஷன் கையின் நட்டுகளைச் சரியாக முடுக்காவிட்டால், மரையில் துரு ஏறி, கை கழன்றுவிடக்கூடும். மெக்கானிக் சரியாக முடுக்கவில்லை என்று பழியை அவர்மீது போடுவது எளிதாக இருந்திருக்கும். ஆயினும் ஒரு நட்டு சரியாக முடுக்கப்படாமல் போவது பணிமனைகளில் எதிர்பார்க்கத்தக்க நிகழ்வு. அந்த ஒரு சிறு பிழை சக்கரத்தைக் கழற்றிவிடும் அளவுக்கு வடிவமைப்பு இடம்கொடுத்தால், குறை வடிவமைப்பிலும் இருக்கிறது. 1975ஆம் ஆண்டுத் தீர்ப்பு சொன்ன எதிர்பார்க்கத்தக்க பராமரிப்புக் குறைவுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

5. ஒரே பாகம், இரண்டு நாடுகள்

இந்த ஒழுங்கு எங்கே தடுமாறுகிறது என்பதை டெஸ்லா விவகாரம் காட்டுகிறது. 2020 அக்டோபரில் சீனாவின் சந்தை ஒழுங்குமுறை அமைப்பு, அந்நாட்டில் இறக்குமதி செய்யப்பட்ட மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களில் சுமார் 30,000 திரும்பப் பெறப்படும் என்று அறிவித்தது. முன், பின் சஸ்பென்ஷன் இணைப்புகள் முறியும் அபாயமே காரணம். வெளிநாட்டில் இப்படி ஒரு நடவடிக்கை எடுத்தால் அமெரிக்க அரசுக்கும் தெரிவிக்க வேண்டும். அதற்காக அந்நாட்டுத் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்துக்கு 2020 செப்டம்பரில் எழுதிய கடிதத்தில் நிறுவனம் வேறு குரலில் பேசியது. பாகத்தில் குறை இருப்பதாகத் தாங்கள் முடிவுசெய்யவில்லை என்றும், மூலகாரணம் ஓட்டுநர்களின் தவறான பயன்பாடு என்றும், சீனச் சந்தையில் அந்தப் பயன்பாடு தனித்த கடுமை உடையது என்றும் அது கூறியது. அமெரிக்காவில் அந்தப் பாகங்களுக்காகத் திரும்பப் பெறுதல் தேவையில்லை என்பது அதன் நிலைப்பாடு.

இங்கே நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டியவை இரண்டு. சீனச் சாலைகளில் பயன்பாடு கடுமையாக இருந்தது என்பதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், அந்தக் கார்களை அந்த நாட்டில் விற்றது நிறுவனமே. விற்கும் சந்தையின் சாலை எப்படிப்பட்டது என்பது விற்பவர் தெரிந்திருக்க வேண்டியது. அடுத்து, கடுமை குறைந்த சாலையில் அதே பாகம் பாதுகாப்பானது என்பது தனியாக நிறுவப்பட வேண்டிய கூற்று. அந்தக் கடிதத்துக்குச் சில வாரங்களுக்குப் பின், 2020 நவம்பரில், அமெரிக்கப் பாதுகாப்பு நிர்வாகம் 2015 முதல் 2017 வரையிலான மாடல் எஸ், 2016, 2017ஆம் ஆண்டு மாடல் எக்ஸ் கார்களில் சுமார் 1,15,000 குறித்து விசாரணை தொடங்கியது. முன் சஸ்பென்ஷனின் வேறோர் இணைப்பு முறிந்ததாக 43 புகார்கள் வந்திருந்தன. அவற்றில் 32 மெதுவாக நிறுத்தும்போது நிகழ்ந்தவை. 11 ஓட்டும்போது, அதிலும் 4 நெடுஞ்சாலை வேகத்தில். தான் வகுத்த வலிமை அளவைச் சில இணைப்புகள் எட்டாமல் இருக்கலாம் என்று 2017இலேயே பணிமனைகளுக்கு நிறுவனம் சேவைக் குறிப்பு அனுப்பியிருந்தது. இணைப்பு முறிந்தாலும் ஓட்டுநரால் வண்டியைக் கட்டுப்படுத்த முடியும் என்றும் அக்குறிப்பு சொன்னது.

32 பேருக்கு வண்டியை நிறுத்தும்போது முறிந்தது நற்பேறு. நற்பேற்றைப் பாதுகாப்பாகக் கணக்கிடும் வாதத்தைத்தான் பிட்மன் ஆர்ம் தீர்ப்பு 1977இல் மறுத்தது. திரும்பத் திரும்ப முறியும் பாகங்களைப் பற்றி நிறுவனம் நெடுநாளாக அறிந்திருந்தும், அவற்றின் பழுதுக்கு ஓட்டுநர்களையே காரணம் காட்டிச் செலவை அவர்கள்மீது சுமத்தியது என்று ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2023 டிசம்பரில் விரிவான புலனாய்வு அறிக்கை வெளியிட்டது. இதழியல் புலனாய்வு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமமாகாது. எனினும், பணிமனைக்குப் போகும் சேவைக் குறிப்பு ஒன்றைச் சொல்ல, உரிமையாளருக்கும் அரசுக்கும் போகும் விளக்கம் வேறொன்றைச் சொல்லும் நிலை இருக்கும்வரை, காரணம் யாது என்பதை நிறுவனத்தின் வாய்மொழியிலிருந்து மட்டும் முடிவுசெய்ய முடியாது.

6. அறிவிப்புக்குப் பிறகு

திரும்பப் பெறுவதாக அறிவிப்பதாலேயே சாலை பாதுகாப்பாகிவிடுவதில்லை. முன்னர் சொன்ன ஆர்ஏவி4 வண்டிகள் 2013இல் மறுபடியும் அழைக்கப்பட்டன. முதல் அழைப்பின்போது பணிமனைகளில் நடந்த வேலை சில வண்டிகளில் சரியாகச் செய்யப்படவில்லை. ஃபியட் கிரைஸ்லர் நிறுவனத்தின் கதை இன்னும் தீவிரமானது. 1 கோடியே 10 லட்சம் வாகனங்களைச் சார்ந்த 23 திரும்பப் பெறுதல்களை அந்நிறுவனம் நடத்திய விதம் குறித்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2015 ஜூலையில் பொது விசாரணை நடத்தியது. உரிமையாளருக்குக் காலத்தில் அறிவிக்காதது, பயனுள்ள தீர்வு தராதது, அரசுக்கு முறையாகத் தகவல் அளிக்காதது ஆகிய மூன்றிலும் சட்டத்தை மீறியதாக நிறுவனம் ஒப்புக்கொண்டது. அதே மாதத்தில் எட்டிய உடன்பாட்டின்படி தண்டத்தொகை 10.5 கோடி டாலர்; நிறுவனத்தைக் கண்காணிக்கச் சுதந்திரமான ஒரு கண்காணிப்பாளரும் அமர்த்தப்பட்டார். கட்டுப்பாட்டை இழக்கச் செய்யக்கூடிய பழுதான சஸ்பென்ஷன் பாகங்கள் கொண்ட 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்களின் உரிமையாளர்களுக்கு, வண்டியை நிறுவனத்திடமே திரும்ப விற்கும் வாய்ப்பு அளிக்கப்பட்டது.

சரிசெய்ய முடியாவிட்டால் திரும்ப வாங்கு என்ற இந்த விதியில் முக்கியமான ஒரு நியாயம் அடங்கியிருக்கிறது. மாற்றுப் பாகம் கையிருப்பில் இல்லை என்று மாதங்களைக் கடத்தும்போது, ஆபத்தின் சுமை ஒவ்வொரு நாளும் உரிமையாளர்மீது இருக்கிறது. திரும்ப வாங்கும் கடமை வந்தால் அந்தத் தாமதத்தின் விலை நிறுவனத்தின் கணக்கில் ஏறுகிறது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2011இல் வெளியிட்ட அறிக்கை, திரும்பப் பெறப்படும் வாகனங்களில் சராசரியாக 65 சதவீதம்தான் சரிசெய்யப்படுகின்றன என்று கணக்கிட்டது. வலுவான சட்டம் உள்ள நாட்டிலேயே அழைக்கப்பட்ட வண்டிகளில் மூன்றில் ஒன்று ஆறாத குறையோடு ஓடியது. கைமாறிய பழைய வண்டிகளில் இந்த இடைவெளி இன்னும் கூடும். முதல் உரிமையாளரின் முகவரிக்குப் போன கடிதம் மூன்றாமவரை எட்டுவதில்லை.

7. மறுப்புகளும் விடைகளும்

இந்த வாதத்துக்கு எதிராக மூன்று மறுப்புகள் எழலாம், மூன்றும் கவனத்துக்குரியவை. முதலாவது, எந்த உலோகமும் என்றென்றைக்கும் தாங்காது; பத்து ஆண்டுகள் ஓடிய வண்டியின் முறிவுக்கு நிறுவனத்தைப் பொறுப்பாக்கினால் தேய்மானம் என்ற கருத்தே இல்லாமல் போகும். இதில் உண்மை உண்டு. 1975ஆம் ஆண்டுத் தீர்ப்பும் வழக்கமான சிதைவுக்கு விலக்கு அளித்தது. ஆனால் ஒரு பாகம் தேய்மானப் பொருள் என்றால், அதை எப்போது மாற்ற வேண்டும் என்பது பராமரிப்பு அட்டவணையில் எழுதப்பட்டிருக்க வேண்டும், தேய்வதைக் கண்டறியும் வழியும் இருக்க வேண்டும். பிரேக் பேடுக்கும் டயருக்கும் இவை இருக்கின்றன. மாற்றச் சொல்லி எங்குமே எழுதாத ஒரு கை வண்டியின் ஆயுளுக்குள் முறிந்த பிறகு, அது தேயும் பொருள்தான் என்று சொல்வது காலம் கடந்த விளக்கம்.

இரண்டாவது மறுப்பு, சேவைக் குறிப்புகளையே குறைக்குச் சான்றாக எடுத்தால் நிறுவனங்கள் அவற்றை எழுதுவதையே நிறுத்திவிடும், மெக்கானிக்குகளுக்குப் பயனுள்ள தகவல் கிடைக்காமல் போகும் என்பது. அமெரிக்க அனுபவம் இதற்கு விடையளிக்கிறது. அங்கே பணிமனைகளுக்கு அனுப்பும் இத்தகைய குறிப்புகளின் நகல் அரசுக்குப் போக வேண்டும் என்பது கட்டாயம். ஆயினும் குறிப்புகள் தொடர்ந்து வருகின்றன. ஏனெனில் ஆயிரக்கணக்கான பணிமனைகளை ஒரே முறையில் வேலை செய்ய வைக்க நிறுவனத்துக்கு வேறு வழியில்லை. எல்லாக் குறிப்பும் குற்ற ஒப்புதல் ஆகிவிடாது. வலிமை அளவை எட்டாத பாகம் என்று குறிப்பு சொல்லும் இடத்தில் மட்டும், குறை இல்லை என்று நிறுவும் பொறுப்பு நிறுவனத்துக்கு மாற வேண்டும்.

மூன்றாவது மறுப்பு, அறிவிப்புகள் பெருகினால் மக்கள் அலுத்துப்போய் உண்மையான எச்சரிக்கையையும் புறக்கணிப்பார்கள் என்பது. பாதுகாப்பைத் தொடாத சிறு குறைகளுக்கு இது பொருந்தலாம். சக்கரம் பிடிமானம் இழப்பதை அந்த வரிசையில் வைக்க முடியாது. மேலும், அலுப்புக்குப் பெரிய காரணம் அறிவிப்பின் எண்ணிக்கை என்று கொள்வதைவிட, அறிவிப்பு வந்தும் பாகம் வராதது, வேலைக்கு ஒரு நாள் கூலி இழப்பது, பணிமனை நெடுந்தொலைவில் இருப்பது என்று கொள்வதே பொருத்தம். அவற்றைக் களையும் கடமையும் நிறுவனத்துடையதே.

8. இந்தியச் சட்டம்: திறந்த கதவும் மூடிய கதவும்

இந்தியாவில் வாகனங்களைத் திரும்பப் பெறுவது நெடுங்காலம் நிறுவனங்களின் விருப்பத்தைச் சார்ந்திருந்தது. 2012இல் இந்திய வாகனத் தயாரிப்பாளர் சங்கம் தன் உறுப்பினர்களுக்குத் தன்னார்வ நெறிமுறை ஒன்றை வகுத்தது. இந்த வழியில் பயன் விளையவில்லை என்று சொல்ல முடியாது. 2018இல் ஃபோர்டு இந்தியா, சென்னை ஆலையில் 2017 மே, ஜூன் மாதங்களில் செய்யப்பட்ட 4,379 ஈகோஸ்போர்ட் கார்களின் முன்புற லோயர் ஆர்ம் பற்றவைப்பு உறுதியாக இருக்கிறதா என்று சோதிக்க அவற்றை அழைத்தது. குறிப்பிட்ட ஆலை, குறிப்பிட்ட மாதம், குறிப்பிட்ட பற்றவைப்பு என்று குறையைச் சுருக்கமாக வரையறுக்க முடிந்ததால் அழைப்பும் எளிதாக இருந்தது. தயாரிப்புப் பிழையைத் தன்னார்வ முறையால் பிடிக்க முடியும். பல ஆண்டுகள் கழித்து வெளிப்படும் வடிவமைப்புக் குறையை, அதிலும் சாலையின் மீது பழிபோட வாய்ப்பு இருக்கும்போது, அந்த முறை பிடிக்கும் என்று நம்ப அடிப்படை இல்லை.

2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 110அ பிரிவின்கீழ் மத்திய அரசுக்குத் திரும்பப் பெற ஆணையிடும் அதிகாரம் அளித்தது. குறித்த சதவீத உரிமையாளர்களின் புகார், சோதனை அமைப்பின் அறிக்கை, வேறு எந்த வழியிலும் வரும் தகவல் என மூன்று வாயில்களை அது திறந்து வைத்தது. 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளோ முதல் வாயிலையே முன்னிறுத்தின. விற்பனை எண்ணிக்கையை வைத்துக் குறைந்தபட்சப் புகார்களை அவை நிர்ணயித்தன. ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வாகனங்களுக்கே அவை பொருந்தும். கட்டாயமாகத் திரும்பப் பெற நேர்ந்தால் தண்டம் 10 லட்சம் ரூபாயிலிருந்து 1 கோடி ரூபாய் வரை. தானாக முன்வரும் நிறுவனத்துக்குத் தண்டம் இல்லை.

சஸ்பென்ஷன் பழுதுக்கு இந்த அமைப்பு இரண்டு இடங்களில் பொருந்தவில்லை. முதலாவது வயது. வின்ட்ஸ்டார் திரும்பப் பெறப்பட்டபோது அந்த வேன்கள் ஏறக்குறைய ஏழு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் பழையவை. டகோமாவில் மிகப் பழையவை ஒன்பது ஆண்டுகள், எக்ஸ்ப்ளோரரில் எட்டு ஆண்டுகள். இந்தியாவின் ஏழு ஆண்டு வரம்பை அங்கே வைத்திருந்தால், மிகப் பழைய வண்டிகள், அதாவது துருவும் சோர்வும் மிக ஆழமாக வேலை செய்த வண்டிகள், வெளியே நின்றிருக்கும். இந்தியாவில் தனிப்பட்ட காரின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும். திரும்பப் பெறும் பாதுகாப்பு அதில் பாதிக்கும் குறைவான காலத்தில் முடிந்துவிடுகிறது. பிற்பாதியில் அந்த வண்டியை வைத்திருப்பவர் பெரும்பாலும் அதை இரண்டாம் கையாக வாங்கியவர், வருமானம் குறைந்தவர். அமெரிக்கா 2015இல் இலவசத் தீர்வுக்கான காலத்தைப் பத்திலிருந்து பதினைந்து ஆண்டுகளாக உயர்த்தியதை இதோடு ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது புகார் எண்ணிக்கை. மெதுவாகப் போகும்போது லோயர் ஆர்ம் உடைந்தால் உரிமையாளர் அருகிலுள்ள ஒர்க்‌ஷாப்பில் மாற்றிக்கொண்டு போய்விடுகிறார். பள்ளத்தில் விட்டதால் உடைந்தது என்று மெக்கானிக் சொல்கிறார். புகார் பிறப்பதே இல்லை. வேகமாகப் போகும்போது உடைந்தால் புகார் செய்ய அவர் உயிரோடு இல்லாமல் போகலாம். சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2016ஆம் ஆண்டு விபத்து அறிக்கை 84 சதவீத விபத்துகளை ஓட்டுநரின் தவறு என்று வகைப்படுத்தியது. ஓட்டுநர்கள் தவறே செய்வதில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் முறிந்த பாகத்தை ஆய்வுக்கு எடுக்கும் வழக்கம் வேரூன்றாத இடத்தில், அந்தச் சதவீதத்துக்குள் எத்தனை உலோக முறிவுகள் புதைந்திருக்கின்றன என்பதை அந்த எண்ணிலிருந்து அறிய முடியாது. தெரியாத ஒன்றை ஓட்டுநரின் கணக்கில் எழுதுவது இறந்தவருக்கு இழைக்கும் அநீதி. அதே மாதிரி வண்டியை ஓட்டும் மற்றவர்களுக்கு அது ஆபத்து.

சட்டத்தைப் புதிதாக எழுத வேண்டியதில்லை. அது திறந்து வைத்த மற்ற இரண்டு வாயில்களைப் பயன்படுத்தினாலே பெரும்பகுதி சரியாகும். உத்தரவாதக் காலத்தில் மாற்றிய பாகங்களின் கணக்கு, பணிமனைகளுக்குப் போன குறிப்புகள், அதே வகை வண்டியை வெளிநாட்டில் திரும்பப் பெற்ற தகவல் ஆகியவற்றை நிறுவனங்கள் தாமாகவே அரசிடம் தர வேண்டும் என்று விதி செய்யலாம். ஃபயர்ஸ்டோன் டயர் விபத்துகளுக்குப் பின் 2000ஆம் ஆண்டு அமெரிக்கா இயற்றிய சட்டம் இத்தகைய முன்னெச்சரிக்கைத் தகவல்களைக் கட்டாயமாக்கியது. அப்படி அளிக்கும் தகவலில் சஸ்பென்ஷனுக்குத் தனி வகைப்பாடும் உண்டு. உயிரிழப்பு விபத்துகளில் சக்கரத்தோடு தொடர்புடைய பாகம் முறிந்திருந்தால் அந்தத் துண்டைச் சோதனை அமைப்புக்கு அனுப்புவதைக் காவல்துறையின் நடைமுறையாக்கலாம். ஏழு ஆண்டு வரம்பைப் பதிவுக் காலத்தோடு பொருத்தலாம்.

9. முடிவுரை

மேலே கண்ட சான்றுகள் ஒரே திசையைக் காட்டுகின்றன. உப்பு, அசைவு, சரியாக முடுக்காத நட்டு ஆகிய ஒவ்வொன்றையும் வெளியிலிருந்து வந்த காரணம் என்று தள்ளியிருக்கலாம். தள்ளாமல் பொறுப்பேற்ற இடங்களில் லட்சக்கணக்கான வண்டிகளைச் சரிசெய்ய வழி பிறந்தது. ஓட்டுநரைக் குறைசொன்ன இடத்தில், ஒரே பாகத்துக்கு ஒரு நாட்டில் ஒரு நியாயமும் இன்னொரு நாட்டில் வேறொரு நியாயமும் நிலவின. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் உலோகத்தில் இல்லை. சான்று யார் கையில் இருக்கிறது, நிறுவும் சுமை யார்மீது இருக்கிறது என்பதில் இருக்கிறது. பாகத்தை வடிவமைத்தவர், அதன் வலிமை அளவை அறிந்தவர், எத்தனை முறை அது மாற்றப்பட்டது என்ற கணக்கை வைத்திருப்பவர் ஆகிய மூவரும் ஒருவரே. உடைந்த வண்டியின் உரிமையாளருக்கு இவற்றில் எதுவும் தெரியாது. தெரிந்தவரே நிறுவ வேண்டும். சாலை மோசமாக இருக்கும் நாட்டில் இந்தக் கடமை குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது. அந்தச் சாலைக்கென்றே அந்த வண்டி விற்கப்பட்டது.